ஜோடி வயல் பரீட்சையும் இடைநிலை வித்தியாசமும்

புதிய ரகத்தையோ புதிய எருவையோ கையாளத் துணியும் குடியானவர் முதலில் கேட்பது, பழையதைக் காட்டிலும் இது எவ்வளவு அதிகம் கொடுக்கும் என்பதே. இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு வயலின் மகசூலையோ, சில வயல்களின் சராசரியையோ காட்டிப் பதில் கூறப்படுகிறது. ஆனால் மேட்டு வயலும் பள்ள வயலும் ஒன்றாக விளைவதில்லை. மடைக்கு அருகில் உள்ள பாத்தியும் கடைமடைப் பாத்தியும் ஒரே தண்ணீரைப் பெறுவதில்லை. நல்ல மண்ணில் இட்ட புதிய எருவும், களர் பாய்ந்த மண்ணில் இட்ட பழைய எருவும் ஒப்பிடப்படுமானால், அங்கு அளக்கப்படுவது எருவின் குணமன்று, மண்ணின் குணமே. இவ்வாறு தவறாகக் கண்ட முடிவை நம்பி மறு போகத்தில் நிலம் முழுவதும் புதிய முறைக்கு மாற்றப்படின், அதனால் விளையும் நஷ்டம் குடியானவரையே சேரும்.

இத்தவற்றைத் தவிர்க்க ஏற்பட்ட வழியே ஜோடிப் பரீட்சை. ஜோடிகளிலிருந்து கிடைத்த எண்களைக் கொண்டு எவ்வாறு முடிவு காண்பது, அதற்குக் கணிப்பொறியில் உள்ள கணக்குச் சார்பை எவ்வாறு பிரயோகிப்பது, அதில் நேரும் பெரும் பிழை யாது என்பவை கீழே விவரிக்கப்படுகின்றன.

ஜோடி என்பது யாது?

எல்லா வகையிலும் கூடியவரை ஒத்திருக்கும் இரண்டை எடுத்து, ஒன்றுக்குப் பழைய முறையையும் மற்றொன்றுக்குப் புதிய முறையையும் அளிப்பதே ஜோடி. ஒரு வயலின் இரு பாதிகள் ஒரு ஜோடி. ஒரே ஈற்றில் பிறந்த இரு ஆட்டுக்குட்டிகள் ஒரு ஜோடி. மண், தண்ணீர், வெயில், பூச்சி ஆகியவற்றால் வரும் ஏற்றத்தாழ்வு ஜோடியின் இரு பகுதிகளையும் ஏறக்குறைய ஒன்றாகவே பாதிப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்பொழுது அவ்வேற்றத்தாழ்வு நீங்கி, முறையினால் வந்த வித்தியாசமே எஞ்சி நிற்கிறது.

இம்முறைக்குப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியைச் சேர்ந்த டவுன் கிராமத்தில் வாழ்ந்த சார்லஸ் டார்வின், அயல் மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதையும் தன் மகரந்தச் சேர்க்கையால் உண்டான விதையும் தரும் செடிகளுள் எவை வீரியமுள்ளவை என்று பல ஆண்டுகள் பரீட்சித்து, அதன் விவரங்களை 1876-ல் நூலாக வெளியிட்டார். ஒரே வேளையில் முளைவிட்ட இருவகை விதைகளை ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நடுவது அவர் வழக்கம். மக்காச்சோளத்தில் இவ்விதம் நான்கு தொட்டிகளில் 15 ஜோடிகள் வளர்க்கப்பட்டன. அவற்றின் உயரம் அங்குலக் கணக்கில் வருமாறு. ஒவ்வொரு வரியிலும் முதலில் அயற்சேர்க்கைச் செடியின் உயரமும், அடுத்துத் தற்சேர்க்கைச் செடியின் உயரமும், பிறகு முன்னதிலிருந்து பின்னதைக் கழித்த வித்தியாசமும் தரப்பட்டுள்ளன. கடைசியில் உள்ள வரிசை எண்ணின் பொருள் பின்னர் விளக்கப்படும்.

ஜோடி 1: 23.500, 17.375, கூடுதல் 6.125, வரிசை 11
ஜோடி 2: 12.000, 20.375, குறைவு 8.375, வரிசை 14
ஜோடி 3: 21.000, 20.000, கூடுதல் 1.000, வரிசை 2
ஜோடி 4: 22.000, 20.000, கூடுதல் 2.000, வரிசை 4
ஜோடி 5: 19.125, 18.375; கூடுதல் 0.750, வரிசை 1
ஜோடி 6: 21.500, 18.625, கூடுதல் 2.875; வரிசை 5
ஜோடி 7: 22.125, 18.625, கூடுதல் 3.500; வரிசை 7
ஜோடி 8: 20.375, 15.250; கூடுதல் 5.125, வரிசை 9
ஜோடி 9: 18.250, 16.500, கூடுதல் 1.750, வரிசை 3
ஜோடி 10: 21.625, 18.000, கூடுதல் 3.625, வரிசை 8
ஜோடி 11: 23.250, 16.250, கூடுதல் 7.000, வரிசை 12
ஜோடி 12: 21.000, 18.000, கூடுதல் 3.000, வரிசை 6
ஜோடி 13: 22.125, 12.750, கூடுதல் 9.375, வரிசை 15
ஜோடி 14: 23.000; 15.500, கூடுதல் 7.500, வரிசை 13
ஜோடி 15: 12.000, 18.000, குறைவு 6.000, வரிசை 10

பதின்மூன்று ஜோடிகளில் அயற்சேர்க்கைச் செடி உயர்ந்தது, இரண்டில் தாழ்ந்தது. ஆனால் தாழ்ந்த இரண்டும் சிறிதளவு தாழவில்லை, பேரளவு தாழ்ந்தன. இவ்வெண்களிலிருந்து எம்முடிவுக்கு வரலாம் என்பதே கேள்வி.

சராசரியும் இடைநிலையும்

வித்தியாசங்கள் எல்லாவற்றையும் கூட்டி 15-ஆல் வகுத்தால் கிடைப்பது சராசரி. இங்கு அது ஏறக்குறைய 2.62 அங்குலம். வித்தியாசங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை நிரலாக எழுதி நடுவில் நிற்பதை எடுத்தால் அதுவே இடைநிலை. மொத்தம் 15 எண்கள் ஆகையால் எட்டாவது எண் நடுவெண் ஆகும். அது 3 அங்குலம். எண்களின் தொகை இரட்டைப்படையாயின், நடுவில் நிற்கும் இரண்டின் பாதியை இடைநிலையாகக் கொள்ளல் வேண்டும்.

இரண்டும் அருகருகே இருக்கையில் இடைநிலையை நாடுவானேன் என்று கேட்கலாம். இரண்டாவது ஜோடியின் 8.375 என்னும் குறைவை எழுதுகையில் புள்ளி ஒரு தானம் நகர்ந்து 83.75 என்று பதிவாகிவிட்டதாக வைத்துக்கொள்வோர் விடையை உடனே காண்பர். சராசரி 2.62 அங்குலக் கூடுதலிலிருந்து 2.41 அங்குலக் குறைவாக மாறிவிடும். நல்ல விதை கெட்ட விதையென்று பெயர் பெறும். இடைநிலையோ 3 அங்குலமாகவே நிற்கும். எழுத்துப் பிழை மட்டுமன்று. ஒரு வயலில் எலி புகுவதும், ஒரு வயலில் மடை உடைவதும் இத்தகைய ஒற்றைப் பேரெண்ணை உண்டாக்கும். ஊரில் ஒருவர் மிகுந்த தனவந்தராயிருப்பின் ஊரின் சராசரி வருமானம் உயர்ந்து தோன்றினும், நடுத்தரக் குடும்பத்தின் நிலை மாறுவதில்லை. அவ்வாறே, ஒரு வயல் செய்யும் கோளாறு பதினான்கு வயல்களின் சாட்சியை அழிக்கலாகாது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அயற்சேர்க்கைச் செடிகள் பதினைந்தின் இடைநிலை 21.5 அங்குலம்; தற்சேர்க்கைச் செடிகளின் இடைநிலை 18 அங்குலம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 3.5 கிடைக்கும். ஆனால் ஜோடிகளின் வித்தியாசங்களுடைய இடைநிலை 3 அங்குலமே. சராசரியில் இவ்விரு வழிகளும் ஒரே விடையைத் தரும். இடைநிலையில் அவ்வாறு தரவேண்டும் என்பதில்லை. ஜோடிப் பரீட்சையில் வேண்டுவது வித்தியாசங்களின் இடைநிலையாகும். இடைநிலைகளின் வித்தியாசம் அன்று. ஆகையால் முதலில் கழித்தல், பிறகு நடுவெண் காணல் என்னும் முறை மாறலாகாது.

தற்செயலைக் கணக்கிடுதல்

இடைநிலை 3 அங்குலம் என்பதனால் மட்டும் அயற்சேர்க்கை விதை சிறந்தது என்று துணிந்துவிட முடியாது. இருவகை விதைகளுக்கும் உண்மையில் ஒரு பேதமும் இல்லாதிருந்தாலும், பதினைந்து ஜோடிகளில் ஏதோ ஒரு வித்தியாசம் தோன்றத்தான் செய்யும். பேதமே இல்லாதபொழுது இவ்வளவு ஒருபக்கமான விளைவு, அல்லது இதனினும் ஒருபக்கமான விளைவு, எத்தனை தடவைக்கு ஒரு தடவை தற்செயலாக வரும் என்று கணிப்பதே புள்ளிவிவர சாஸ்திரத்தின் வழி. அது 100-க்கு 5 தடவைக்குக் குறைவாயின் பேதம் உண்டென்று கொள்ளுதல் நெடுநாளைய வழக்கம்.

மிக எளிய கணிப்பு, கூடுதல் குறைவு என்னும் குறியை மட்டும் பார்ப்பது. பேதம் இல்லையெனில் ஒவ்வொரு ஜோடியும் ஒரு காசைச் சுண்டுவது போன்றதே. பதினைந்து காசுகள் விழக்கூடிய விதங்கள் 32,768. அவற்றுள் ஏதாவது ஒரு பக்கம் இரண்டு அல்லது அதற்குக் குறைவாக விழும் விதங்கள் 242. அதாவது ஆயிரத்துக்கு 7 அல்லது 8 தடவையே இவ்வாறு நேரும். இதனை ஜான் ஆர்பத்நாட் என்பவர் 1710-லேயே கையாண்டார். லண்டன் நகரில் 82 ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளின் ஞானஸ்நானக் கணக்குப் பெண் குழந்தைகளினுடையதைவிட மிகுந்திருந்ததை அவர் இவ்வழியில் ஆராய்ந்தார்.

குறியை மட்டும் பார்க்கும் முறையில் ஒரு குறை உண்டு. முக்கால் அங்குலக் கூடுதலும் ஒன்பது அங்குலக் கூடுதலும் அங்கு ஒரே மதிப்பைப் பெறுகின்றன. டார்வினுடைய செடிகளில் எதிர்த்து நின்ற இரு ஜோடிகளும் பெரிய வித்தியாசம் உடையவை என்ற உண்மையை அம்முறை கணக்கில் கொள்வதில்லை.

வில்காக்ஸனின் வரிசை முறை

இக்குறையை நீக்கும் வழியை அமெரிக்காவில் பூச்சி மருந்துகளையும் பூஞ்சாண மருந்துகளையும் ஆராய்ந்துவந்த இரசாயன நிபுணர் ஃபிராங்க் வில்காக்ஸன் 1945-ல் வெளியிட்டார். கூட்டல் அறிந்த எவரும் காகிதமும் பென்ஸிலும் கொண்டு இதைச் செய்துவிடலாம்.

முதலாவது, ஒவ்வொரு ஜோடியிலும் புதியதிலிருந்து பழையதைக் கழித்து வித்தியாசத்தை எழுதுக. வித்தியாசம் பூஜ்யமான ஜோடி கணக்கில் சேராது. இரண்டாவது, கூடுதலா குறைவா என்பதைச் சற்று மறந்து, வித்தியாசங்களின் அளவை மட்டும் பார்த்துச் சிறியதற்கு 1, அடுத்ததற்கு 2 என்று வரிசை எண் இடுக. இரண்டு வித்தியாசங்கள் சமமாயின், அவற்றுக்கு உரிய இரு வரிசை எண்களின் பாதியை இரண்டுக்கும் கொடுக்க. மூன்றாவது, கூடுதல் ஜோடிகளின் வரிசை எண்களைத் தனியாகவும், குறைவு ஜோடிகளின் வரிசை எண்களைத் தனியாகவும் கூட்டுக. இரு தொகைகளுள் சிறியதே தேர்வுத் தொகை.

டார்வினுடைய பட்டியலில் குறைவான ஜோடிகள் இரண்டு, அவற்றின் வரிசை எண்கள் 14, 10, தொகை 24. மற்றப் பதின்மூன்றின் தொகை 96. இரண்டும் சேர்ந்து 120 ஆகவேண்டும். ஒன்று முதல் பதினைந்து வரையுள்ள எண்களின் மொத்தம் அதுவே. கூட்டலில் பிழையில்லை என்பதற்கு இஃது ஒரு சோதனை.

தேர்வுத் தொகை எவ்வளவுக்கு உட்பட்டிருப்பின், தற்செயல் 100-க்கு 5-க்கு மேற்படாது என்பதற்குக் கீழ்க்கண்ட எல்லைகள் உதவும்.

6 ஜோடிகளுக்கு 0
7 ஜோடிகளுக்கு 2
8 ஜோடிகளுக்கு 3
9 ஜோடிகளுக்கு 5
10 ஜோடிகளுக்கு 8
11 ஜோடிகளுக்கு 10
12 ஜோடிகளுக்கு 13
15 ஜோடிகளுக்கு 25

பதினைந்து ஜோடிகளுக்கு எல்லை 25; கிடைத்த தொகை 24. ஆகவே அயற்சேர்க்கைச் செடிகள் உயர்ந்தவை என்று கொள்ள இடமுண்டு; ஆனால் அது மயிரிழையில் பெற்ற வெற்றியே. மேலே கூறியவாறு 8.375 என்பது 83.75 ஆகப் பதிவானாலும், அந்த ஜோடியின் வரிசை எண் 14-லிருந்து 15 ஆகும், தொகை 25 ஆகும், அவ்வளவே, முடிவு புரளாது. ஒற்றைப் பேரெண்ணின் வலிமையை இம்முறை இவ்வாறு கட்டுப்படுத்துகிறது.

ஐந்து ஜோடிகளுக்கு எல்லை தரப்படாததற்குக் காரணம் உண்டு. ஐந்து ஜோடிகளும் ஒரே பக்கம் சாய்ந்தாலும், ஐந்து காசுகள் ஒருங்கே விழுவது 32-க்கு 2 தடவை, அதாவது 100-க்கு 6-க்கு மேல் நேரக்கூடியது. ஆறு ஜோடிகள் ஒருங்கே சாய்வது 64-க்கு 2 தடவைதான். ஆகையால் ஆறு ஜோடிகளுக்குக் குறைந்த பரீட்சை, எவ்வளவு நல்ல விளைவைக் காட்டினும், இக்கணக்கின்படி நிரூபணம் ஆகாது. பத்து ஜோடிகள் வைப்பது உசிதம். ஓரிரண்டு ஜோடிகள் மாறி நின்றாலும் முடிவு காண அப்பொழுது இடமிருக்கும்.

வரிசை முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வித்தியாசங்கள் தம் நடுவெண்ணின் இருபுறமும் ஏறக்குறைய ஒத்த அளவில் பரவியிருத்தல் வேண்டும். ஒரு புறம் மட்டும் நீண்ட வால் போல் பரவியிருப்பின், இடைநிலையைப் பற்றிக் கூறக் குறி முறையே தக்கது. எம்முறையைக் கையாள்வது என்பது அறுவடைக்கு முன்பே தீர்மானிக்கப்படவேண்டும். எண்களைக் கண்டபின், இரு முறைகளாலும் கணக்கிட்டு அநுகூலமான விடையை எடுத்துக்கொள்வது, இரு தராசுகளில் நிறுத்துத் தனக்கு லாபமான எடையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

கணிப்பொறிச் சார்பு

இன்று இக்கணக்கைக் கணிப்பொறி நொடியில் செய்கிறது. எண்களை வாங்கிக்கொண்டு விதிப்படி விடை தரும் கணக்குவழிக்குச் சார்பு என்று பெயர். நியூஸிலாந்தில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகியோர் 1990-களில் தொடங்கிய ‘ஆர்’ என்னும் கணிப்பு மொழி விலையின்றிக் கிடைப்பது. அதில் ‘வில்காக்ஸ் டெஸ்ட்’ என்னும் சார்பு உண்டு. புதிய முறையின் எண்களை ஒரு நிரலாகவும், பழைய முறையின் எண்களை மற்றொரு நிரலாகவும் அதற்குக் கொடுக்கவேண்டும். இரு நிரல்களிலும் ஜோடிகள் ஒரே வரிசையில் நிற்றல் அவசியம்.

டார்வினுடைய எண்களை ஜோடியென்று அறிவித்து இட்டால், சார்பு இரண்டு எண்களைத் தரும். ஒன்று 96, இது கூடுதல் ஜோடிகளின் வரிசைத் தொகை. மற்றொன்று 0.04126, பேதம் இல்லாதபொழுது இத்தகைய விளைவு 100-க்கு 4 தடவைக்குச் சற்று அதிகமாக நேரும் என்பது இதன் பொருள். கையால் செய்த கணக்கும் இதுவும் ஒத்திருக்கின்றன. கேட்டுக்கொண்டால் அச்சார்பு வித்தியாசத்தின் மதிப்பீட்டையும் அதன் எல்லைகளையும் தரும். இரண்டிரண்டு வித்தியாசங்களாக எல்லா விதத்திலும் சேர்த்துப் பாதி கண்டு, அப்பாதிகளின் இடைநிலையை எடுப்பதே அம்மதிப்பீடு. இங்கு அது 3.125 அங்குலம், எல்லைகள் 0.5 முதல் 5.19 வரை. அதாவது உண்மையான ஆதாயம் அரை அங்குலமாகவும் இருக்கலாம், ஐந்து அங்குலமாகவும் இருக்கலாம். பேதம் உண்டு என்பதைவிட, பேதம் எவ்வளவுக்குள் அடங்கும் என்பதே செலவு செய்பவருக்கு முக்கியம்.

ஜோடியை உடைப்பதால் நேரும் பிழை

இச்சார்பில் எளிதில் நேரக்கூடிய பிழை ஒன்று. எண்கள் ஜோடியானவை என்பதைச் சார்பு தானாக அறியாது. ‘பேர்டு’ என்னும் குறிப்புக்கு ‘ட்ரூ’ என்று தெரிவித்தால்தான் அறியும். தெரிவிக்காவிடில், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத முப்பது செடிகள் என்று கருதி வேறொரு கணக்கைச் செய்துவிடும். பிழை என்று எச்சரிக்காது. டார்வினுடைய எண்களை அவ்விதம் இட்டால், தற்செயல் 1,000-க்கு ஏறக்குறைய 3 தடவை என்று வருகிறது. மயிரிழையில் பெற்ற வெற்றி அசைக்கமுடியாத வெற்றியாகக் காட்சி அளிக்கிறது. இரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணில் அயற்சேர்க்கைச் செடி பேரளவு தோற்றது என்னும் செய்தி, ஜோடி உடைந்தவுடன் மறைந்துபோவதே காரணம்.

இதற்கு மாறாகவும் நேரலாம். வயலுக்கு வயல் மகசூல் மிகவும் மாறுபடும் இடத்தில் ஒவ்வொரு வயலிலும் புதிய முறை சிறிது ஆதாயம் தந்திருப்பின், ஜோடியை உடைத்தவுடன் அச்சிறு ஆதாயம் வயல்களின் பெரிய ஏற்றத்தாழ்வில் மூழ்கிவிடும். நல்ல எரு பயனற்றது என்று தள்ளப்படும். ஆகவே ஜோடியை உடைப்பது எப்பக்கமும் கெடுதியே.

அறிஞர்களிடையேயும் இது நேர்ந்திருக்கிறது. டார்வின் தம் எண்களை ஃபிரான்ஸிஸ் கால்ட்டனிடம் ஆராயக் கொடுத்தபொழுது, கால்ட்டன் ஒவ்வொரு வகைச் செடிகளையும் உயர வரிசையில் மாற்றியடுக்கி ஒப்பிட்டார். அதனால் வித்தியாசங்கள் ஒழுங்காகத் தோன்றின. ஆனால் ஜோடிகள் குலைந்தன. ராதாம்ஸ்டட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் 1933 வரை பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர், 1935-ல் வெளியிட்ட நூலில் இதே எண்களை எடுத்துக்கொண்டு, அவ்வொழுங்கு அடுக்கியதால் வந்ததேயன்றிப் புதிய சாட்சியன்று என்று விளக்கினார். ஜோடியின் எப்பாகத்துக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டைப் போன்ற ஓர் ஏற்பாட்டால் தீர்மானிக்கவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

வயலில் கையாளவேண்டிய முறை

பரீட்சைக்கு எடுக்கும் ஒவ்வொரு வயலையும் தண்ணீர் பாயும் திசையிலேயே நீளவாக்கில் இரு சம பாதிகளாகப் பிரிக்கவேண்டும். குறுக்கே பிரித்தால் ஒரு பாதி மடையையும் மறு பாதி வடிகாலையும் அடுத்து நிற்கும். எருப் பரீட்சையாயின் இடையே வரப்பு அமைத்து, ஒரு பாதியின் எருத் தண்ணீர் மறு பாதிக்குச் செல்லாமல் தடுத்தல் வேண்டும். எப்பாதிக்குப் புதிய முறை என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும். நல்ல பாதியைப் புதியதற்குக் கொடுக்கும் ஆசை எவருக்கும் இயல்பாகையால், அதற்கு இடம் வைக்கலாகாது. நடவு, களை எடுப்பு, அறுவடை ஆகியவை இரு பாதிகளுக்கும் ஒரே நாளில் நடைபெறவேண்டும். வரப்போரத்துச் செடிகளை விலக்கி, இரு பாதிகளிலும் ஒரே விஸ்தீரணத்தில் அறுத்து, ஒன்றுபோல் உலர்த்தி, ஒரே தராசில் நிறுக்கவேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு வயலுக்கு ஒரு வரி என்று வைத்து, அதே வரியில் இரு பாதிகளின் எடையையும் எழுதுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் பல வயல்களின் விவரத்தை மேலிடத்துக்கு அனுப்பும்பொழுது, புதிய முறையின் சராசரி இவ்வளவு, பழைய முறையின் சராசரி இவ்வளவு என்று இரண்டு எண்களை மட்டும் அனுப்புவது போதாது. சராசரியிலிருந்து ஜோடிகளை மீட்க எவராலும் இயலாது. ஜோடிகளிலிருந்து சராசரியை யாரும் காணலாம். ஆகவே வரிவரியான கணக்கே அனுப்பத்தக்கது. பூச்சி அரித்த வயல், தண்ணீர் தப்பிய வயல் ஆகியவற்றைக் குறிப்போடு சேர்த்தே அனுப்பவேண்டும். புதிய முறை தோற்ற வயல்களை மட்டும் ஏதாவது காரணம் கூறி நீக்கினால், எஞ்சிய கணக்கு எவ்வளவு நுட்பமான சார்பில் இட்டாலும் பொய்யே பேசும்.

முடிவை உபயோகிக்கும் வகை

தேர்வுத் தொகை எல்லைக்கு மேற்பட்டிருப்பின், புதிய முறையால் பயனில்லை என்பது நிரூபிக்கப்பட்டதாகாது. பயன் உண்டென்று காட்ட இத்தனை ஜோடிகள் போதவில்லை என்பதே பொருள். மறு போகத்தில் அதிக ஜோடிகளோடு திரும்பச் செய்தல் நலம். தொகை எல்லைக்கு உட்பட்டிருப்பினும் வேலை முடிந்துவிடவில்லை. வித்தியாசத்தின் இடைநிலையை ஏக்கர் கணக்குக்கு மாற்றி, அதன் விலையையும் புதிய முறைக்கு ஆகும் மிகைச் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்க்கவேண்டும். ஆதாயத்தின் கீழெல்லையிலும் செலவு மீளுமாயின் தயக்கமின்றிக் கைக்கொள்ளலாம். இடைநிலையில் மட்டும் மீளுமாயின், நிலத்தில் ஒரு பகுதியோடு நிறுத்தி மற்றொரு வருஷம் பார்த்தல் விவேகம். இடைநிலையிலும் மீளாவிடில், மகசூல் உயர்ந்தும் கையிருப்புக் குறையும். அத்தகைய முறையை விலக்குவதே நன்று.

ஒரே போகத்தின் பரீட்சை அப்போகத்து மழைக்கும் வெயிலுக்கும் மட்டுமே சாட்சி என்பதையும் மறத்தலாகாது. குறைந்தது இரண்டு போகங்களிலாவது ஒரே பக்கம் சாய்ந்த முடிவே நம்பத்தக்கது. வயலைப் பாதியாக்கும் வரப்பும், சுண்டுவதற்கு ஒரு காசும், வரி தவறாத கணக்குப் புத்தகமும் இதற்குப் போதுமான சாதனங்கள். இவற்றோடு நிற்கும் ஆறு முதல் பத்து ஜோடி வயல்கள், ஒரு வயலில் கண்ட அதிக மகசூலைக் காட்டிலும், ஊரார் வாய்மொழியைக் காட்டிலும் மெய்யான வழிகாட்டியாகும்.